இருநூற்றுப் பதினேழாவது நன்றியுரை

இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி. அதில்தான் இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

முந்நூறு ஆய்வேடுகளின் நன்றியுரைகள். முப்பது வருடங்களில் ஆய்வு எழுதுகிறவர்கள் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள், அது எப்படி மாறிவருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வு எழுதுவதைப் பற்றியே ஓர் ஆய்வு. வேறு வேலை இல்லையா என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் கிடையாது.

முன்பெல்லாம் கடவுளுக்கும் நெறியாளருக்கும்தான் முதல் மரியாதை. இப்போது பூனைக்கு நன்றி, காப்பி இயந்திரத்துக்கு நன்றி.

பெயர்களை மறைத்த பக்கங்களை அவளும் இன்னொருவரும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொரு நன்றியையும் கடவுள், நெறியாளர், குடும்பம், நண்பர், மற்றவை என்று பிரித்திருந்தார்கள். இருவரும் மாறுபட்ட வரிகளைப் பற்றி உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஐந்து மணிக்குள் எண்ணிக்கை போயாக வேண்டும்.

எதிரே இருந்தவருக்கு அலுவலகத்தில் வக்கீல் என்று பட்டப்பெயர். சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஒரு காற்புள்ளிக்குக்கூட வாய்தா கேட்பார்.

காலையிலிருந்து நாற்பத்தோரு இடங்களை அவருக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. ஜெயித்து என்ன கோட்டையா கட்டப்போகிறோம் என்ற அலுப்பு. கண் எரிந்தது. கழுத்து மரத்துப்போயிருந்தது.

இந்த ஒன்றை மட்டும் அவள் விடவில்லை.

‘அட்டவணைகளைச் சரிபார்த்துத் தந்து, நான்கு வருடங்களாக என் எரிச்சலையும் பொறுத்துக்கொண்ட நண்பருக்கு நன்றி.’

அவள் குடும்பம் என்று போட்டிருந்தாள். வக்கீல் நண்பர் என்று போட்டிருந்தார்.

“நாலு வருஷம் ஒருத்தரோட எரிச்சலைப் பொறுத்துக்கிறது வெறும் நண்பரா?” என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதினவங்களே நண்பர்னு எழுதியிருக்காங்க மேடம். அவங்களுக்கு இல்லாத அக்கறை நமக்கு எதுக்கு?”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

அவர் விதிமுறைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். நன்றியுரையில் எழுதியிருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். எழுதியவரைத் தெரிந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் கணக்கிலிருந்தே நீக்கப்படும்.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். இந்த முறை வாதத்துக்காகக் கேட்கவில்லை.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். குடும்பம் என்பதை அழித்துவிட்டு நண்பர் என்று தட்டினாள். வக்கீல் நிம்மதியாகத் தேநீர் வாங்கப் போனார்.

சொல்லியிருந்தால் பக்கத்தையே தூக்கியிருப்பார்கள். முந்நூற்றில் ஒரு மூலையிலாவது அவன் இருக்கட்டும் என்றிருந்தது.

அது அவளுடைய ஆய்வேடு.

பதினாறு வருடங்களுக்கு முன் அந்த வரியில் ‘என் கணவருக்கு’ என்றுதான் எழுதியிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் பதிவு செய்த திருமணம். அப்பா படித்துவிடுவாரே என்ற பயத்தில், அச்சுக்குப் போன அன்று காலையில் அவளேதான் அந்தச் சொல்லை மாற்றினாள். பட்டம் கையில் வரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அச்சாகி வந்த பிரதியை முதலில் பிரித்துப் படித்தவன் அவன்தான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

பட்டம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் அவன் போய்விட்டான்.

கடைசியாக முகம் பார்க்கக் குடும்பத்தாரை முதலில் கூப்பிட்டார்கள். அவள் நண்பர்களோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.