கூரைமேல் நிரம்பிய பாட்டில்

துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் மர்தியா கூரைக்கு ஏறினாள். இன்றும் பாட்டில் நிரம்பாவிட்டால் நாளைப் படகில் இந்தத் தீவை விட்டு மக்காசார் திரும்ப வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

அவள் ஆராய்வது, கடற்பாசியையும் கரித்தூளையும் காய்ச்சி உறைய வைத்த ஒரு கறுப்புக் கட்டியை. இரவெல்லாம் அடுக்களையில் கடல்நீரில் ஊறவைத்து, விடிந்ததும் கூரையிலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் பரப்ப வேண்டும். வெயில் பட்டால் கடல்நீரை உறிஞ்சி, ஆவியாக்கி, நல்ல தண்ணீராகச் சொட்டும். சொட்டியதெல்லாம் இதுவரை அரை பாட்டில்தான். மூன்று வருடமாகப் பக்குவத்தை மாற்றி மாற்றி அவளுக்கே வெறுத்துவிட்டது.

இன்று காலை பெட்டியில் பரப்பும்போதுகூட நம்பிக்கை இல்லை. நோன்புக்காக விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாடு முடிந்ததும், அடுக்களை இருட்டில் தடவி, கைக்குக் கிடைத்த பாத்திரத்தை எடுத்து வந்தாள். பாதித் தூக்கத்தில் பெட்டிக்குள் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்?" கீழிருந்து குரல் கொடுத்தாள், அவளுக்குத் தங்க இடம் கொடுத்த டாயெங் கானாங். நோன்பு திறப்பதற்காக, இரவே இலைச்சாற்றைக் காய்ச்சி அடுக்களையில் உறைய வைத்த கறுப்பு சிஞ்சாவை நறுக்கிப் பனைவெல்லப் பாகில் போட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணிப் படகும் வரல, உன் தண்ணியும் வரலன்னா நாங்க எங்கதான் போறது?"

"அக்கா... பாட்டில் வழியுது!"

மர்தியா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இறங்கி வரவும் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தே நோன்பு திறந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! முதல்ல அந்த மூட்டையை அவுரு" என்றாள் கானாங்.

மர்தியா தன் பேராசிரியருக்குப் போன் போட்டாள். "கிடைச்சிடுச்சு சார்! இந்தப் பக்குவம்தான், சந்தேகமே இல்ல. நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிடுங்க!"

கடலுக்குப் போய் அலுத்து வந்திருந்த கானாங்கின் கணவர், தன் சிஞ்சாவ் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"அடியே, இன்னைக்கு சிஞ்சாவ் என்னடி இப்படி உப்புக் கரிக்குது?"