தூங்காத, செலினா

“ஆடாம நில்லு, செலினா. நான் தூக்கிக்கிறேன்.”

குருபோங் செம்பனைத் தோட்டத்து ஓடைக்குள் வெறுங்காலோடு நின்றிருந்த செலினா எரிச்சலுடன் திரும்பினாள். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். மழை விட்ட அந்தியில் மட்டும் குரல் கொடுக்கும் ஒரு தவளைக்காக வாரக்கணக்கில் அலைந்தாள். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது. சேற்றில் சிக்குகிறதென்று பூட்ஸைக்கூடக் கழற்றி எறிந்திருந்தாள்.

“ஏண்ணே? தவள இங்கதான் இருக்கு!”

“இப்ப வழுக்குனல்ல, கால் சுளுக்கியிருக்கும்.”

“வலிக்கவே இல்ல லா!”

டார்ச் பிடிக்கத் துணைக்கு வரும் அண்ணன் பிரான்க்ளின், எப்போதும் கொசுக்கடி என்று முனகுகிறவன், இன்று முனகாமல் அவள் காலருகே குனிந்தான். முதலுதவிப் பையிலிருந்த துணியை எடுத்து, பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கிச் சுற்றினான். அவளைத் தூக்கிக்கொண்டு, சாலையோரம் நிறுத்தியிருந்த காடிக்கு நடந்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் காதில் கேட்டது.

பின்னால் தவளைகள் எல்லாம் அடங்கிப்போயிருந்தன.

“சாஞ்சுக்கோ. கால ஆட்டாத. பேசிக்கிட்டே வா,” என்று காடியைக் கிளப்பினான்.

“என்னா பேச?”

“தவளங்க பேரெல்லாம் சொல்லு.”

சொல்லத் தொடங்கினாள். செங் ஊரைத் தாண்டும்போது நாக்கு குழறியது. எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. யாரோ விரல் வைத்து இமைகளைக் கீழே இழுப்பதுபோல் இருந்தது.

“தூக்கமா வருதுண்ணே.”

“தூங்காத!” அலறியவன் உடனே குரலைத் தாழ்த்தினான். “தூங்காதம்மா, கண்ணு.”

அவன் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

“வீட்டுக்குத்தான போறோம்?”

“ம்.”

“செவப்பு லைட்டு போட்ருந்துச்சே... நிக்கலியா?”

“சம்மன் வந்தா வரட்டும்.”

காடி நின்றது. யார் யாரோ கதவைத் திறந்தார்கள். கேட்க வாயெடுத்தாள், உதடு அசையவில்லை. இமையும் திறக்கவில்லை. காது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“மூச்சு இன்னும் ஓடுது, டியூப் வெச்சிடலாம். என்ன நடந்துச்சு?” என்றது ஒரு பெண் குரல்.

“கட்டுவிரியன், டாக்டர்!” பிரான்க்ளின் உடைந்து அழுதான். “தண்ணிக்குள்ள அவ கால்ல கடிச்சத நான் பாத்துட்டேன், அவளுக்குத் தெரியவே இல்ல... சொன்னா பயந்து ஓடுவா, வெஷம் சீக்கிரம் ஏறிடும்னு இவ்வளவு தூரமும் சொல்லாமலே கூட்டியாந்தேன்!”