இரண்டாவது நிஞ்சா

மறுபடியும் முதுகில் கத்தி இறங்கியது. மாஸ்டர் முனகக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த உயிரை எடுத்தார்.

திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த நீல நிஞ்சா எழுந்து நின்றான். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஓடிய விளையாட்டு அது. அதைப் பழைய முகம் மாறாமல் மறுபடி கொண்டுவரும் வேலை இப்போது மாஸ்டர் தலையில். "சின்ன வயசுல அண்ணனும் நானும் சேர்ந்து கடைசி மாளிகை வரைக்கும் ஜெயிச்சிருக்கோம்" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் வீடியோ கேம் கம்பெனி முதலாளி பொறுப்பையே கொடுத்தார். மாஸ்டர் என்ற பட்டமும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

நாளைக் காலையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர் அந்தப் பழைய விளையாட்டை ஆடி ஜெயித்துக் காட்ட வேண்டும். எத்தனையோ நாளாக முட்டி மோதுகிறார், முதல் மாளிகையே தாண்டவில்லை. கை மறந்துபோச்சு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு விஷயம்" என்று புரோகிராமர் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பழைய விளையாட்டின் புரோகிராமை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தவள் அவள். "இதுல ரெண்டாவது ஆளுக்கு இடமே இல்ல. பின்னால வர்ற கறுப்பு நிஞ்சாவை மெஷினே ஓட்டுது."

"என்னம்மா சொல்றே? அந்தக் கறுப்பனை நான் ஓட்டியிருக்கேன்."

அவள் ஜாய்ஸ்டிக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நீலனும் கறுப்பனும் தாங்களாகவே ஓடி, குதித்து, முதல் குழியில் விழுந்து செத்தார்கள்.

"யாரும் ஆடலைன்னா இப்படி அதுவே ஓடிக் காட்டும். கடைக்கு வர்றவங்களுக்கு ஆசை காட்ட வெச்சது. ஆள் ஆடும்போதும் கறுப்பன் நீலன் பின்னாலயே ஓடுவான், அவ்வளவுதான். நீங்க பட்டனைத் தட்டினதெல்லாம் வீண் மாஸ்டர்."

'நீலன் எனக்கு, கறுப்பன் உனக்கு' என்று சின்ன வயதில் ஜாய்ஸ்டிக்கை மாஸ்டர் கையில் திணித்தவன் அண்ணன்தான்.

அண்ணனும் தம்பியும் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்வார்கள். விளையாட்டு மெஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். கட்டில்மேல் அம்மா போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அன்றெல்லாம் மாளிகை மாளிகையாக வெற்றிதான். அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போன நாளில் முதல் குழியிலேயே இருவரும் காலி. "உன்னாலதான்டா போச்சு" என்று அண்ணன் நறுக்கென்று குட்டுவான். சின்னவனும் தன் தப்புதான் என்று நம்பி அழுவான்.

அந்தக் குட்டு இப்போதுதான் வலித்தது. மாஸ்டர் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

"என் கையில குடுத்தது டம்மின்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சோபாவில் சாய்ந்திருந்த அண்ணன் சிரித்துவிட்டான். "தெரியும்டா. சின்னவன் அழுவான், சொல்லாதேன்னு அம்மாதான் சொன்னா. ஆடினதெல்லாம் நான்தான். எத்தனை வருஷக் கதை, இப்ப வந்து நிக்கிறே?"

"உனக்குக் கதை. உன்னை நம்பித்தானே நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, நானும் அண்ணனும்னு. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி என் மானம் போகப்போகுது. கூடப் பிறந்தவன் பண்ற வேலையா இது?"

அந்நியன் ஏமாற்றியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அண்ணனுக்கும் முகம் மாறிவிட்டது. "சரி விடு. நாளைக்கு நான் வந்து ஆடித் தர்றேன். போதுமா?"

"இப்பவே ஆடு" என்று மாஸ்டர் மெஷினை டிவியில் மாட்டினார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அமர்க்களமாக உட்கார்ந்தான். முதல் காவலாளி ஒரே வெட்டில் அவனை அனுப்பிவைத்தான். அடுத்த ஆட்டத்தில் குழி. அதற்கடுத்ததிலும் குழி.

"பட்டன் சரியில்லையா?" என்று ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "என் கைதான்டா ஆடுச்சு. சத்தியமா சொல்றேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று மாஸ்டருக்கே தெரிந்தது. பிறகு ஜெயித்தது யார் என்பதுதான் விளங்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பெரியவன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டாள்.

நீலன் குழியைத் தாண்டினான். சுவரைப் பற்றி ஏறி, காவலாளிகளின் தலையை மிதித்துக்கொண்டு மாளிகைக்குள் புகுந்தான். அம்மாவின் கண் திரையைவிட்டு அசையவில்லை.

"உனக்கு எப்படிம்மா இது?" என்றான் அண்ணன்.

"உங்க ரெண்டு பேர் கையில இருந்ததும் டம்மிதான்டா, போர்வைக்குள்ள ஆடினது நான்."