சுத்தமான சாம்பல்

“சார், இன்னிக்கு வர்ற மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட இந்தச் சாம்பலைக் காட்டினா, மொதல்ல ஆலைக்குப் பூட்டு, அப்புறம் உங்க பதவி உயர்வுக்குப் பூட்டு.”

ஆய்வகத்துப் பெண் சொன்னதில் மேலாளருக்கு இரண்டாவது பூட்டுதான் சுருக்கென்று தைத்தது.

“குப்பையை எரிச்சா சாம்பல் வரும். சாம்பல்ல என்னம்மா விஷம்? சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்சு வளர்ந்தவங்கதானே நாம?”

“அது விறகுச் சாம்பல் சார். இது பேட்டரி, பெயின்ட் டப்பா, பழைய வயர் எல்லாம் எரிஞ்சது. ஈயமும் காட்மியமும் எரிஞ்சு காணாமப் போயிடாது. புகையோட கிளம்பி, வடிகட்டியில பொடியாப் படிஞ்சிடும். அந்தப் பொடியை சிமென்ட்ல கலந்து கட்டியாக்கி, தண்ணி இறங்காத குழியில புதைக்கணும். வெட்டிச் செலவுன்னு நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க.”

நிறுத்தியதில் மேலாளருக்குப் பெருமைதான். பொடியும் சாம்பலும் இப்போது அவருடைய மைத்துனனின் லாரியில் போகின்றன. எங்கே கொட்டுகிறாய் என்று அவர் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருப்பதுதான் நிர்வாகத் திறமை என்பது அவருடைய கொள்கை.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, உங்க பேத்தி தோட்டத்துல மண்ணை அள்ளி அள்ளித் தின்னுறா. எத்தனை தடவைதான் கையைத் தட்டிவிடறது?”

“தின்னட்டும் விடு. மண்ணு தின்னாத குழந்தை உண்டா? எதிர்ப்புச் சக்தி வளரும்.”

“தோட்டக்காரர் வேற சருகை எரிச்சுச் சாம்பலைக் குவிச்சு வச்சிருக்கார். அதுலயும் போய்ப் புரளுறா.”

மேலாளரின் முகம் மலர்ந்தது. போனை வைத்த கையோடு டிரைவரைக் கூப்பிட்டார்.

“வீட்டுக்குப் போ. தோட்டத்துல சருகு எரிச்ச சாம்பல் இருக்கு. ஒரு மூட்டை வேணும். பத்தலைன்னா அடிமண்ணோட சேர்த்து வழிச்சுக் கொண்டா.”

ஆய்வகத்துப் பெண் நிமிர்ந்தாள். “சார், இது தப்பு.”

“தப்பு எதுன்னு தெரிஞ்சவங்க வாயை மூடிக்கணும்மா. சம்பளம் அதுக்கும் சேர்த்துத்தான்.”

அதிகாரி மதியம் வந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. சாம்பல் குவியலைத் தூரத்திலிருந்தே பார்த்து முகம் சுளித்தார்.

“நீங்க எதுக்கு சார் அதுல ஏறி இறங்கணும்? இந்தாங்க, காலையில அடுப்புல இருந்து எடுத்தது. சுத்தமான சாம்பல்.” மேலாளர் மூட்டையைப் பிரித்துவைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அதிகாரி துப்பாக்கி போலிருந்த ஒரு கருவியைச் சாம்பலின் மேல் வைத்து அழுத்தினார். அது கீச்சிட்டது. வேறோர் இடத்தில் வைத்தார். மறுபடியும் கீச்சிட்டது.

“ஈயம் எங்கயோ நிக்குது சார். காட்மியம் வேற. வடிகட்டிப் பொடியை அப்படியே கலந்து விட்டிருக்கீங்க.”

“கருவி ரிப்பேர் சார்!”

“காலையிலதான் சரிபார்த்தேன்.”

“ஐயோ, சத்தியமா இது எங்க சாம்பலே இல்லை சார்! என் வீட்டுத் தோட்டத்துச் சருகு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஓகோ. உங்க வீட்டுல பேட்டரி காய்க்கிற மரம் இருக்குதா?” என்றார் அதிகாரி.

ஆய்வகத்துப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

வாசலில் மைத்துனனின் லாரி அடுத்த நடைக்கு வந்து நின்றது. மேலாளருக்கு அப்போதுதான் எதுவோ உறைத்தது. ஓடிப்போய் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, போன மழைக்கு என் வீட்டுத் தோட்டத்தை மேடாக்கிக் கொடுத்தியே, அது எங்க எடுத்த மண்ணுடா?”

“என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? அக்கா வீட்டுக்குக் கல்லும் கட்டியுமாக் கண்டதையும் கொட்டுவேனா? மாவு மாதிரி நைசா இருந்த வடிகட்டிப் பொடியாப் பார்த்து நாலு லோடு கொட்டி, மேல லேசா மண்ணு தூவிவிட்டேன்.”

மேலாளரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“என்னங்க, நீங்க சொன்னீங்களேன்னு நானும் தட்டிவிடாம விட்டுட்டேன். காலையில இருந்து சமத்தா உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா. எதிர்ப்புச் சக்தி இவ்வளவு போதுமா, இல்ல இன்னும் கொஞ்சம் தின்னட்டுமா?”