ஆய்வுக்கு ஆகாத எலி

ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனும் தங்கையுமாக இரண்டு வெள்ளெலிகள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் இருந்தன. நோய் எதிர்ப்பு அணுக்களை வளர்க்கும் புது மருந்து ஒன்றைச் சோதிக்க, ஆண் எலி போதும் என்று அண்ணனை மட்டும் எடுத்துப் போனார்கள். மூன்று வாரம் தங்கை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.

அண்ணன் திரும்பியதும் தங்கை பிடித்துக்கொண்டது. "டேய் அண்ணா, என்னை ஏன்டா கூப்பிடலை?"

"உனக்கு நாலு நாளைக்கு ஒரு குணமாம். ஈஸ்ட்ரோஜன்கிற பெண் ஹார்மோன் ஏறுமாம், இறங்குமாம். முடிவைக் குழப்பிடுவியாம்."

"குழம்பட்டுமே! என் எலும்புக்குள்ளே அந்த அணுக்கள் பிறக்கும்போதே ஈஸ்ட்ரோஜன்தானே பக்கத்தில் நின்னு, 'நீ பெருகு, நீ கொஞ்சம் பொறு'ன்னு சொல்லுது? அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததை உன்னைக் குத்திப் பார்த்து எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?"

"என்கிட்ட ஏன் சண்டை போடறே? நானா ஆராய்ச்சி பண்றேன்?"

"வேற யார்கிட்டடா போடறது? எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தானே!"

அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை சுவரில் அறிக்கையை ஒட்டினார்கள். எல்லா எலிகளுக்கும் ஏற்ற மருந்து, எல்லாருக்கும் ஒரே அளவு என்று அதில் இருந்தது. ஒட்டிய கையோடு ஊசியை எடுத்துவந்து தங்கையின் கூண்டைத் திறந்தார்கள்.

அது கம்பி வழியே அண்ணனைப் பார்த்தது. இப்போது குரலில் சண்டை இல்லை. "டேய் அண்ணா, இதைப் போட்டா எனக்கு என்னடா ஆகும்?"

அண்ணன் எவ்வளவோ யோசித்துப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றது.