பார்க்காத கேள்வி

முதலில் கைதட்டியவள் அவள்தான். ஆய்வுப் பரிசுக்கான உரைக்குப் பேராசிரியர் மேடையேறியதும் அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரித் தட்டினாள்.

பக்கத்தில் இருந்த தோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு வருஷம் மண்டைய உடைச்சு நீ போட்ட நிரூபணம்டி. அவரு கட்டுரையில உன் பேரே இல்ல. கடைசியில 'தட்டச்சு உதவிக்கு நன்றி'ன்னு ஒரு வரி. வெக்கமா இல்ல உனக்கு?"

"கேட்டேனே. 'உங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ, இதுவே பெரிசு'ன்னாரு."

"அதுக்குக் கைமாறா, பரிசுக் குழு கேக்கக்கூடிய இருபது கேள்விய பதிலோட எழுதி வேற குடுத்தியாக்கும்?"

"குடுன்னாரு, குடுத்தேன். வரி மாறாம மனப்பாடம் பண்ணிட்டாரு."

தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் கணீரென்று ஆரம்பித்தார். "பழக்கின கணக்குல இயந்திரம் நூத்துக்கு நூறு வாங்கிடும். அது அறிவில்ல, மனப்பாடம். இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணக் குடுங்க, அப்பத்தான் வண்டவாளம் தெரியும். அங்க அது எவ்வளவு தப்பு பண்ணும்னு எல்லை கட்டினதுதான் என் தேற்றம்!"

பரிசுக் குழு கேள்விகளை வீசியது. எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் வந்தது. முன்வரிசையில் அவள் உதடுகள் அவருக்கு ஒரு வார்த்தை முன்னால் அசைந்தன.

குழுத் தலைவி திருப்தியாகக் குறிப்பேட்டை மூடப் போனவர், நிறுத்தினார். "ஒரே ஒரு சின்ன சந்தேகம். பதினோராம் பக்கத்துல தரவை ரெண்டு பாதியா பிரிக்கிறீங்களே, எதுக்கு? பிரிக்காம விட்டா என்ன ஆகும்?"

பேராசிரியர் திரையைப் பார்த்தார். தாளைப் புரட்டினார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அந்த இருபதில் இது இல்லை.

"அது வந்து... சின்ன விஷயம். என் மாணவியே சொல்லுவா." முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லும்மா."

மூன்று வருடமாக 'ஏய் பொண்ணு' என்றே கூப்பிட்ட வாயில் முதல்முறையாக 'அம்மா' வந்தது.

மைக் கைமாறி அவளிடம் வந்தது. தரவைப் பிரிக்கும் அந்த ஒரு யோசனைக்காக ஏழு மாதம் அலைந்தவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

பணிவாக எழுந்து நின்றாள்.

"எனக்கெப்படித் தெரியும் மேடம்? நான் டைப் மட்டும்தானே அடிச்சேன்."