நாலு வாய்ச் சோறு

சோற்றில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. தினமும் சாப்பிட்டால் குழந்தையின் முகத்தில் தெரியும். அது என்ன?

உப்பு இல்லை. இரும்பும் வைட்டமினும் சேர்ந்த சத்துத்தூள். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாக்கெட்.

அல்லிக்கு இரண்டு வயது. மற்றக் குழந்தைகள் ஓடும்போது அவள் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக வந்த பாக்கெட்டுகளில் ஒன்று, சோற்றுக் கிண்ணத்தில் கிடந்த கரண்டியிடம் கேட்டது:

"நேற்றுப் போன எங்கள் அண்ணன் என்ன ஆனார், அக்கா?"

"கிண்ணம் முழுக்கக் கலந்தார்கள். பாதி அல்லிக்கு, மீதி காக்கைக்கு. காக்கை நல்ல தெம்பாக இருக்கிறது" என்றது கரண்டி.

"முந்தாநாள் போனவர்?"

"கொதிக்கிற சோற்றில் கொட்டினார்கள். துருவாடை அடித்தது. துப்பிவிட்டாள்."

"என்னையாவது ஆறிய சோற்றில், ஓரமாக, நாலு வாய்க்கு மட்டும் கலக்கச் சொல்லேன்."

"நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கிண்டிக் கிண்டி என் இடுப்பே ஒடிந்துவிட்டது."

அம்மா வேலை முடிந்து வந்தபோது சோறு ஆறியிருந்தது. பாக்கெட்டைப் பிரித்து ஓரத்தில் கொட்டினாள். கிண்ணம் முழுக்கக் கிண்ட அவள் கையில் வலுவில்லை. அந்த ஓரத்தை மட்டும் கலந்து ஊட்டினாள்.

அல்லி நாலு வாய் சாப்பிட்டாள். தூள் கலந்த ஓரம் அதோடு தீர்ந்தது. ஐந்தாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.